பெண்கள் ஜமாஅத்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுக்கோட்டையில் தொடங்கி மாவட்டம் மாவட்டமாகப் பரவிய, குடும்ப வழக்குகளைப் பெண்களே கூடிப் பேசித் தீர்க்கும் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத் பற்றிப் பல வருடங்களாக என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் இவை. கேட்பவர்களில் பலர் நம் தெருப் பெண்கள். மற்றவர்கள் பள்ளிவாசல் வாசலைத் தாண்டிப் பார்த்திராத பிற சமூகத்துத் தோழிகள். இரண்டு பேருக்கும் புரியும்படி எழுதப் பார்த்திருக்கிறேன். அமைப்பின் சார்பில் எழுதவில்லை. கருத்துகள் என்னுடையவை.

முதலில், ஜமாஅத் என்றால் என்ன?

கூட்டம், ஒன்றுசேர்ந்தவர்கள் என்பதுதான் அந்த அரபுச் சொல்லின் பொருள். ஜமாஅத்தாகத் தொழுவது என்றால் சேர்ந்து நின்று தொழுவது. நம் ஊர் வழக்கில், ஒரு பள்ளிவாசலைச் சுற்றியிருக்கும் மஹல்லாவின் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்தது ஒரு ஜமாஅத். வீட்டுக்கு ஒரு சந்தா, அது வீட்டு ஆண் பெயரில் இருக்கும். பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி, தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் ஆண்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதை ஏதோ தொழுகைக் கமிட்டி என்று நினைத்துவிடுகிறார்கள். அதன் கை அதைவிட நீளம். கல்யாணம் பேசினால் பெண்ணின் ஜமாஅத்துக்கும் மாப்பிள்ளையின் ஜமாஅத்துக்கும் இடையே கடிதம் போக வேண்டும். நிக்காஹ், அதாவது திருமணம், பள்ளிவாசலின் தஃப்தர் என்ற பதிவேட்டில் ஏற வேண்டும். மையத்து விழுந்தால், அதாவது ஒருவர் இறந்தால், கபர்ஸ்தானில் குழிக்கு இடம் அவர்கள்தான் சொல்ல வேண்டும். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தால் அதுவும் அங்கேதான் போகும். ஊர் விலக்கம் வைத்துவிட்டால் நல்லது கெட்டதுக்கு யாரும் வரமாட்டார்கள்.

என் சின்னம்மாவின் வழக்கை இப்படித்தான் ஒரு பள்ளிவாசல் முற்றத்தில் இஷா என்ற இரவுத் தொழுகைக்குப் பிறகு பேசினார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. அவள் எதிர்வீட்டுத் திண்ணையில், மடியில் ஒரு பிள்ளை, பக்கத்தில் ஒரு பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து பள்ளிவாசல் விளக்கு தெரியும், பேச்சு கேட்காது. நெடுநேரம் கழித்து அவள் அத்தா, அதாவது என் தாத்தா, வெளியே வந்து “முடிச்சாச்சும்மா” என்றார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: “நான் சொன்னத அங்க யாராவது சொன்னீங்களாத்தா?” தாத்தா பதில் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

பெண்கள் ஜமாஅத் எதற்கு என்று யார் கேட்டாலும் எனக்கு அந்தத் திண்ணைதான் முன்னால் வந்து நிற்கிறது.

யார் இதைத் தொடங்கியது?

தாவூத் ஷரீஃபா கானம். மணப்பாறைப் பக்கத்துக் குடும்பம். ஆசிரியை வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்த தாயிடம் வளர்ந்தவர். படிக்க அலிகர் போனார். அங்கே கற்ற இந்தியும் உருதும்தான் அவரை 1988-ல் பாட்னாவில் நடந்த பெண்கள் மாநாட்டுக்குக் கொண்டுபோனது. மொழிபெயர்ப்பாளராகப் போனவர் அவர். பல மாநிலங்களிலிருந்து வந்த பெண்கள் மேடையேறித் தங்கள் வீட்டுக்குள் நடந்த அடியையும் உதையையும் சொல்லச் சொல்ல, அதை இன்னொரு மொழியில் திருப்பிச் சொல்லும் வேலை. ஊர் திரும்பியவர் புதுக்கோட்டையில் தோழிகளைச் சேர்த்துக்கொண்டு “ஸ்டெப்ஸ்” என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கினார்.

இடமும் காலமும் முக்கியம் என்று நினைக்கிறேன். புதுக்கோட்டை அன்று தமிழ்நாட்டின் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. 1991-ல் அங்கே எழுத்தறிவு கொடுக்கும் அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். கல்குவாரியில் கல்லுடைத்த பெண்களும் வயலில் நாற்று நட்ட பெண்களும் சிலேட்டைக் கையில் எடுத்தார்கள். அதோடு சைக்கிளையும் எடுத்தார்கள். பல்லாயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டது அந்த மாவட்டத்தில் இன்றும் பேசப்படும் கதை. பெண் தனியாகக் கிளம்பி ஒரு அலுவலகத்துக்கு மனுவோடு போகலாம் என்பது அந்த மண்ணில் அப்போதுதான் வழக்கமாகிக்கொண்டிருந்தது. ஸ்டெப்ஸ் அந்த ஈரத்தில் வேர்பிடித்த செடி.

பொதுவான பெண்கள் அமைப்பாக இருந்தது ஏன் முஸ்லிம் பெண்கள் ஜமாஅத் ஆனது?

ஆரம்பத்தில் எல்லாச் சாதிப் பெண்களும் மதப் பெண்களும் வந்தார்கள். வரதட்சணை, குடித்துவிட்டு அடிப்பது, இரண்டாம் கல்யாணம் என்று எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே துன்பம். ஆனால் காவல் நிலையத்துக்குப் போகும்போது வழி பிரிந்தது. மற்றப் பெண் மனு கொடுத்தால் விசாரிப்பார்கள். முஸ்லிம் பெண் கொடுத்தால், “இது உங்க மத விஷயம்மா, ஜமாஅத்துல பேசிக்கங்க” என்று திருப்பி அனுப்புவார்கள். ஜமாஅத்துக்குப் போனால் அங்கே பெண் உள்ளே வரக்கூடாது. இரண்டு வாசலும் அடைத்தால் அவள் எங்கே போவாள்?

தீர்ப்பும் தலைக்கு மேல் முடிந்துவிடும். தபாலில் தலாக், அதாவது கணவன் சொல்லும் விவாகரத்து, வரும், வளைகுடாவிலிருந்து ஃபோனில் தலாக் வரும். ஜமாஅத் அதைத் தஃப்தரில் எழுதி, மணமகன் மணமகளுக்குத் தர வேண்டிய மஹர் தொகை நூறோ ஐந்நூறோ கையில் கொடுத்து, கணக்கு முடிந்தது என்று சொல்லிவிடும். கல்யாணத்தின்போது பெண் வீட்டார் கொடுத்த கைக்கூலி என்ற வரதட்சணையும் நகையும் பாத்திரமும் பற்றிப் பேச்சே வராது. சில ஊர்களில் கைக்கூலியில் ஒரு பங்கு பள்ளிவாசல் கணக்கில் வரவாகவும் வைக்கப்பட்டது. அதை வாங்கிய இடத்திலேயே போய் நியாயம் கேட்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தச் சுவரில் முட்டி முட்டித்தான் 2000-களின் தொடக்கத்தில் ஷரீஃபாவும் அவருடன் இருந்தவர்களும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஜமாஅத் என்றால் கூட்டம்தானே, நாமும் கூடுவோம். பெயரையும் அதையே வைத்தார்கள். சங்கம், மன்றம் என்று வைத்திருந்தால் இத்தனை கோபம் வந்திருக்காது, இத்தனை பெண்களும் வந்திருக்கமாட்டார்கள்.

எப்படி வளர்ந்தது? எத்தனை பேர்?

2011-ல் வெளிவந்த ஓர் ஆவணப்படத்தின் குறிப்பு, 2004-ல் அமைந்த ஜமாஅத் 12 மாவட்டங்களில் 12,000 உறுப்பினர்களைக் கொண்டதாக வளர்ந்தது என்றும் 8,000-க்கும் மேற்பட்ட வழக்குகளைத் தீர்த்தது என்றும் சொல்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் ஏறக்குறைய 42 லட்சம். அந்தப் பெருங்கூட்டத்தில் 12,000 சிறிய எண்தான். ஆனால் அந்த ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் வீட்டில் சொல்லிவிட்டோ சொல்லாமலோ பஸ் ஏறிய ஒரு பெண் இருக்கிறாள்.

வளர்ந்த விதம் எனக்கு எண்ணிக்கையைவிடப் பெரிதாகத் தெரிகிறது. விளம்பரம் கிடையாது. ஒருத்தி தன் வழக்கோடு வருவாள். வழக்கு முடிய நான்கு மாதமோ ஒரு வருடமோ ஆகும். அதுவரை ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து உட்கார்ந்திருப்பாள், மற்றவர்களின் வழக்குகளையும் கேட்டுக்கொண்டிருப்பாள். எந்தக் கேள்வி கேட்க வேண்டும், எந்த நகல் வேண்டும், எந்தக் குர்ஆன் வசனத்தைச் சொன்னால் எதிர்த்தரப்பு வாயடைக்கும் என்பதெல்லாம் அப்படியே படிந்துவிடும். தன் வழக்கு முடிந்த பிறகு ஊரில் அடுத்தவளுக்கு நடந்தது காதில் விழும்போது அவளால் சும்மா இருக்க முடியாது. அவளைக் கையைப் பிடித்து அழைத்துவருவாள். கொஞ்ச நாளில் அந்த ஊருக்கு அவளே ஜமாஅத் ஆள். மனுதாரராக வந்தவள் நடுவராக மாறுவதுதான் இந்த அமைப்பின் உயிர்நாடி. பல பேருக்குப் பெரிய படிப்பு இல்லை. தையல், பீடி, கூலி வேலை, இட்லிக்கடை என்று பிழைப்பவர்கள். சட்டத்தை அவர்கள் புத்தகத்தில் படிக்கவில்லை, ஒருத்தியின் வழக்கிலிருந்து இன்னொருத்தியின் வழக்குக்குக் கடத்திக் கடத்தித் தெரிந்துகொண்டார்கள்.

ஒரு மனு வந்தால் என்ன நடக்கும்?

மனுவை எழுதி வாங்குவார்கள். எழுதத் தெரியாதவளுக்கு ஒருவர் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவார். பிறகு கணவன் தரப்புக்கு அழைப்புக் கடிதம் போகும். அவருடைய ஊர் ஜமாஅத்துக்கும் போகும். வந்தால் இரண்டு பேரையும் நேருக்கு நேர் வைத்துப் பேசுவார்கள். வராவிட்டால் ஊருக்கே கிளம்பிப் போவார்கள். மூன்று நான்கு பெண்கள் சேர்ந்து போய் அந்த வீட்டில் உட்கார்ந்து பேசுவது, அக்கம்பக்கத்தில் விசாரிப்பது, தேவைப்பட்டால் அந்த ஜமாஅத் தலைவரைப் பார்ப்பது எல்லாம் இதில் அடக்கம். அதற்கும் அசையாவிட்டால் அனைத்து மகளிர் காவல் நிலையம், அப்புறம் நீதிமன்றம்.

கணவன் தரப்பைக் கேட்காமல் முடிவு சொல்வதில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் “பொம்பளைங்க பொம்பளைக்குத்தானே பேசுவாங்க” என்று ஓர் எண்ணம் இருக்கிறது. பெண்ணின் பக்கம் தவறு இருந்தால் அதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். மாமியார்கள் மகனுக்காக மனு கொடுத்ததும் உண்டு.

கூட்டத்தில் நான் பார்த்த காட்சிகளில் மறக்க முடியாதது தீர்ப்பு சொன்ன நேரம் அல்ல. ஒருத்தி பேச எழுந்து, பாதியில் அழுகை வந்து நின்றுவிட்டாள். யாரும் அவளுக்குப் பதிலாகப் பேசவில்லை. பக்கத்தில் இருந்த அக்கா தண்ணீர்ச் செம்பை நீட்டினார். எல்லாரும் காத்திருந்தார்கள். அவளே தொடர்ந்தாள். அங்கே அவள் சொன்னதை வேறு யாரும் போய்ச் சொல்லத் தேவையில்லை.

என்ன மாதிரி வழக்குகள் அதிகம்?

தலாக், ஜீவனாம்சம், அடி, கைக்கூலி கேட்டுத் துரத்திவிடுவது, சொல்லாமல் இன்னொரு கல்யாணம். கணவன் வெளிநாடு போய்த் தொடர்பே இல்லாமல் போவது கடற்கரை மாவட்டங்களில் கூடுதல். குலா கேட்டும் கொடுக்காமல் இழுத்தடிப்பது இன்னொன்று. பெண்ணாக விவாகரத்துக் கேட்பது குலா. மார்க்கத்தில் அவளுக்கு உள்ள உரிமை அது. ஆனால் “நீயாகக் கேட்டால் ஒன்றும் கிடைக்காது” என்று பயமுறுத்தியே பல பேரை வருடக்கணக்கில் தொங்கலில் வைத்திருப்பார்கள். மரணத்தில் முடிந்த வழக்குகளும் வந்திருக்கின்றன. தற்கொலை என்று அவசரமாக அடக்கம் செய்யப்பட்ட மகளுக்காகத் தாய் வந்து நிற்பாள். அவற்றைப் பற்றி இங்கே விரித்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

இது மார்க்கத்துக்கு விரோதமில்லையா?

நம் பெண்கள் மெதுவான குரலில் கேட்கும் கேள்வி இது. அல்லாஹ்வுக்குப் பயந்து கேட்கிறார்கள் என்பதால் மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும்.

கணவன் மனைவிக்குள் பிளவு வரும் என்று அஞ்சினால் அவன் குடும்பத்திலிருந்து ஒரு நடுவரையும் அவள் குடும்பத்திலிருந்து ஒரு நடுவரையும் ஏற்படுத்துங்கள் என்கிறது குர்ஆன், நான்காம் அத்தியாயம் 35-ஆம் வசனம். அவள் பக்கத்துக்கும் ஒரு குரல் வேண்டும் என்பது அங்கேயே இருக்கிறது. 58-ஆம் அத்தியாயத்தின் பெயரே “அல் முஜாதிலா”, தர்க்கம் செய்தவள். தன் கணவன் சொன்ன ஒரு வார்த்தையால் திருமணம் முறிந்துவிட்டதா என்று நபிகளாரிடம் வந்து வாதாடிய பெண்ணின் முறையீட்டை அல்லாஹ் கேட்டுவிட்டான் என்று தொடங்கும் அத்தியாயம் அது. அவருடைய பெயர் கவ்லா பின்த் ஸஃலபா என்று விரிவுரைகள் சொல்கின்றன. நபியின் முன்னால் ஒரு பெண் நின்று வாதாடலாம், முத்தவல்லியின் முன்னால் நிற்கக்கூடாது என்றால் அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது?

மஹரை மனமுவந்து பெண்களுக்குக் கொடுங்கள் என்பது நான்காம் அத்தியாயத்தின் நான்காம் வசனம். பெண்ணுக்கு ஆண் கொடுக்க வேண்டியது மஹர். நம் ஊரில் பெண் வீட்டார் ஆணுக்குக் கொடுப்பது கைக்கூலி. எது மார்க்க விரோதம் என்று தராசில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 1980-களிலிருந்து தமிழ்நாட்டில் தவ்ஹீத், அதாவது ஓரிறைக் கொள்கைப் பிரச்சாரம் செய்தவர்கள் கைக்கூலிக்கு எதிராகக் கடுமையாகப் பேசினார்கள், தங்கள் பள்ளிகளில் பெண்கள் தொழ இடமும் கொடுத்தார்கள். அந்த நன்மையைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஆனால் தீர்ப்பு சொல்லும் இடத்தில் பெண்ணை உட்காரவைப்பது என்று வந்தபோது அங்கும் தயக்கமே இருந்தது.

பெண்களுக்கென்று தனிப் பள்ளிவாசல் கட்டப் போனார்களே, அது எதற்கு?

தொழ இடமில்லை என்பது மட்டும் காரணமல்ல. ஜமாஅத்தின் அதிகாரம் பள்ளிவாசலிலிருந்து வருகிறது. ஜமாஅத் பள்ளிவாசலோடு ஒட்டியிருக்கிறது, பள்ளிவாசலுக்குள் பெண்ணுக்கு இடமில்லை என்றால், பெண் கூடிப் பேசக்கூடிய ஒரு பள்ளிவாசலைப் பெண்களே எழுப்புவோம் என்பது ஷரீஃபாவின் வாதம். புதுக்கோட்டை மாவட்டம் பரம்பூரில் அதற்கு இடம் குறிக்கப்பட்டது. செய்தி வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரை போனது. பணம் திரட்டுவதுதான் பெரும்பாடாக இருந்தது.

பெண்கள் தனியாகக் கூடித் தொழுவது தமிழ் முஸ்லிம்களுக்குப் புதிதும் அல்ல. காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் என்ற தொழுகைக் கூடங்கள் இருக்கின்றன, தலைமுறை தலைமுறையாக. அதை யாரும் புரட்சி என்று சொன்னதில்லை. பரம்பூர் கோபத்தைக் கிளப்பியதற்குக் காரணம் தொழுகை அல்ல, தீர்ப்பு.

எதிர்ப்பு எப்படி இருந்தது?

மிரட்டல், வசவு, நடத்தை பற்றிய அவதூறு. மேடையில் ஏறிப் பேசும் பெண்ணுக்கு எந்தச் சமூகத்திலும் கிடைப்பதெல்லாம் இங்கேயும் கிடைத்தது. தலைவிகளைவிட ஊரில் இருந்த சாதாரண உறுப்பினர்கள் பட்டதுதான் அதிகம். மகள் கல்யாணத்துக்கு ஜமாஅத் கடிதம் தரமாட்டோம் என்றால் ஒரு தாய் என்ன செய்வாள்? சிலர் அதற்காகவே ஒதுங்கிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சில ஊர்களில் ஜமாஅத் தலைவர்களே இரவில் ஃபோன் செய்து, “எங்களால பேச முடியலம்மா, நீங்க வந்து பேசுங்க” என்று கேட்ட சம்பவங்களைக் கூட்டத்தில் பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நல்ல ஹஜ்ரத்மார்கள், அதாவது மார்க்க அறிஞர்கள், குர்ஆன் வசனங்களை எடுத்துக்கொடுத்து உதவியிருக்கிறார்கள்.

பெண்கள் ஜமாஅத் சொல்வது சட்டப்படி செல்லுமா?

நீதிமன்றத் தீர்ப்பைப் போலச் செல்லாது. ஆண்கள் ஜமாஅத் சொல்வதும் அப்படித்தான் செல்லாது. இந்த இரண்டாவது வாக்கியம் பல பெண்களுக்குத் தெரியாது என்பதுதான் வேதனை. மார்க்க அறிஞர் தரும் கருத்தான பத்வா யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014 ஜூலையில் சொல்லிவிட்டது. திருமணங்களை நடத்திவைக்கும் காஜிகளுக்கான 1880-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு நீதிபதியின் அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் பதர் சயீத் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2017-ல், தலாக் பற்றித் தலைமைக் காஜி தரும் சான்றிதழ் வெறும் கருத்துதான் என்றது.

ஆக இரண்டு ஜமாஅத்தும் செய்யக்கூடியது சமரசம். இரு தரப்பும் மனமொப்பி ஏற்றால் அது நிற்கும். ஏற்காத எவரும் நீதிமன்றத்துக்குப் போகலாம், அதைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை.

முத்தலாக் செல்லாது என்று தீர்ப்பு வந்துவிட்டது, சட்டமும் வந்துவிட்டது. இனி இதற்கு என்ன வேலை?

ஷாயரா பானு வழக்கில் 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் மூவர், ஒரே மூச்சில் மூன்று முறை தலாக் சொல்லும் உடனடி முத்தலாக்கைச் செல்லாததாக்கினார்கள். அதற்கு முன்பே, 2002-ல் ஷமீம் ஆரா வழக்கில், தலாக்குக்குத் தக்க காரணம் வேண்டும், அதற்கு முன் சமரச முயற்சி நடந்திருக்க வேண்டும் என்று அதே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. இடையில் பதினைந்து வருடம். அந்தப் பதினைந்து வருடத்திலும் தபால் தலாக்குகள் தஃப்தரில் ஏறிக்கொண்டுதான் இருந்தன. தீர்ப்பு டெல்லியில் வந்துவிடும், ஆனால் அதை ஒரு பேரூராட்சியின் மூன்றாவது தெருவுக்குக் கொண்டுவர யாராவது பஸ் ஏற வேண்டும். அந்த வேலை இன்னும் தீரவில்லை.

2019 சட்டம் கணவனுக்கு மூன்றாண்டு வரை சிறை என்கிறது. இதில் பெண்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. பயம் வந்தது நல்லது என்பார்கள் சிலர். கணவன் உள்ளே போனால் பிள்ளைகளுக்குச் சோறு யார் போடுவார், மற்ற மதத்தில் மனைவியைக் கைவிட்டவன் சிறைக்குப் போவதில்லையே என்பார்கள் மற்றவர்கள். நான் இரண்டாவது பக்கம். அந்தத் தலாக் செல்லாது என்ற பிறகு அவளுக்குத் தேவைப்படுவது வீடும் ஜீவனாம்சமும்தான்.

ஜீவனாம்சம் இத்தா காலத்துக்கு மட்டும்தானே?

இல்லை. தயவுசெய்து இதை நான்கு பேருக்குச் சொல்லுங்கள். இத்தா என்பது விவாகரத்துக்குப் பிறகு, மறுமணத்துக்கு முன், பெண் காத்திருக்கும் காலம். இந்தூரைச் சேர்ந்த ஷா பானுவுக்கு 1985-ல் உச்ச நீதிமன்றம் ஜீவனாம்சம் கொடுத்தது, கூச்சல் எழுந்தது, இத்தாவோடு கணவனின் கடமை முடிந்தது என்று படிக்கப்பட்ட தனிச் சட்டம் 1986-ல் வந்தது. அதோடு கதவு அடைபட்டது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் 2001-ல் டேனியல் லத்தீஃபி வழக்கில், அவளுடைய எதிர்கால வாழ்க்கைக்கும் போதுமான நியாயமான ஏற்பாட்டைக் கணவன் இத்தா காலத்துக்குள் செய்து கொடுத்துவிட வேண்டும் என்று அந்தச் சட்டத்துக்கே உச்ச நீதிமன்றம் பொருள் சொன்னது. இத்தா என்பது கொடுப்பதற்கான கெடு, கொடுக்கும் தொகையின் எல்லை அல்ல. 2024 ஜூலை 10 அன்று, விவாகரத்தான முஸ்லிம் பெண் எல்லாப் பெண்களுக்கும் பொதுவான ஜீவனாம்சப் பிரிவின் கீழும் கேட்கலாம் என்று மறுபடி தெளிவாக்கியிருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு அது. புதிய சட்டத்தில் 144.

நம் வீட்டு அழுக்கை வெளியில் துவைக்கிறோமே, நம்மை வெறுப்பவர்களுக்கு இது தீனியாகாதா?

இந்தப் பயம் பொய்யான பயம் அல்ல. முஸ்லிம் பெண்ணின் கண்ணீரை எடுத்து முஸ்லிம் சமூகத்தை அடிக்கப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பெண்ணின் மீது அக்கறை இல்லை. கலவரத்தில் அவள் வீடு எரியும்போது அவர்கள் வருவதில்லை.

ஆனால் அதற்காக அவள் வாயை மூடிக்கொண்டு அடி வாங்க வேண்டும் என்று சொல்பவர்கள், சமூகத்தின் மானத்தை முழுவதும் அவள் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். உள்ளேயே நியாயம் கிடைத்திருந்தால் அவள் ஏன் வெளியே போகப்போகிறாள்? பெண்கள் ஜமாஅத்தே ஒரு விதத்தில் உள்ளேயே தீர்த்துக்கொள்ளும் முயற்சிதான். வழக்குப் போடுவதற்கு முன் ஊருக்குப் போய், வீட்டில் உட்கார்ந்து, வசனம் சொல்லிப் பேசிப் பார்க்கிறார்களே, அது வேறென்ன?

ஆண்கள் சேரலாமா?

உதவலாம். பல சகோதரர்கள் உதவியிருக்கிறார்கள். தீர்ப்புச் சொல்லும் இடத்தில் மட்டும் பெண்கள் இருக்கட்டும்.

இதுபோல வேறெங்கும் உண்டா?

மும்பையில் ஆவாஸ்-ஏ-நிஸ்வான் 1980-களிலேயே தொடங்கியது. 2007-ல் பாரதிய முஸ்லிம் மஹிளா ஆந்தோலன் உருவாகிப் பல மாநிலங்களில் பரவியது. முத்தலாக் வழக்கிலும் மும்பை ஹாஜி அலி தர்காவுக்குள் பெண்கள் நுழையும் வழக்கிலும் அவர்கள் முன்னால் நின்றார்கள். பெண்களைக் காஜிகளாகப் பயிற்றுவிக்கவும் செய்தார்கள். ஹாஜி அலி வழக்கில் 2016 ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

நமக்கு மொழியால் நெருக்கமானது இலங்கை. அங்கே 1951-ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி காதி நீதிமன்றங்கள் அரசு அமைப்பாகவே இயங்குகின்றன. ஆனால் காதியாக ஆண் மட்டுமே இருக்க முடியும். அதை மாற்றக் கோரித் தமிழ் பேசும் முஸ்லிம் பெண்கள் பல பத்தாண்டுகளாகப் போராடுகிறார்கள். 2009-ல் நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் குழு அமைந்தது, அறிக்கை வர 2018 ஆனது. நம் பெண்களும் அவர்களும் ஒரே மொழியில் மனு எழுதுகிறார்கள் என்பதை நினைக்கும்போது மனம் கனத்துவிடுகிறது.

எங்கள் ஊரில் இப்படி ஒன்றைத் தொடங்கலாமா?

தொடங்கலாம். பெயர்ப் பலகையில் ஆரம்பிக்காதீர்கள். நான்கு பெண்கள், மாதத்தில் ஒரு நாள், ஒருத்தி வீட்டு முன்கூடம், அது போதும். அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு வைத்தால் வேலைக்குப் போகிறவர்களும் வரலாம். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு யார் வந்தார், என்ன சொன்னார், என்ன பேசினோம் என்று தேதியோடு எழுதுங்கள். பின்னால் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் அந்த நோட்டுதான் கைகொடுக்கும். ஒரு வழக்கறிஞரையும், பெண்களை மதிக்கிற, மார்க்க அறிஞரான ஓர் ஆலிமையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வந்தவளின் கதை அந்தக் கூடத்தைத் தாண்டக்கூடாது. இதில் ஒருமுறை தவறினாலும் அடுத்தவள் வரமாட்டாள்.

மாவட்ட அளவில் ஆட்சியரின் பொறுப்பில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கங்கள் இருக்கின்றன. கைவிடப்பட்டவர்களுக்கும் விதவைகளுக்கும் உதவி கேட்டு அங்கே விண்ணப்பிக்கலாம்.

எனக்கே இப்போது பிரச்சினை. முதலில் என்ன செய்யட்டும்?

உயிருக்கு ஆபத்து என்றால் வேறெதையும் யோசிக்காதீர்கள். 181-ஐ அழையுங்கள், அது பெண்கள் உதவி எண். அவசரத்துக்கு 112.

ஆபத்து இல்லையென்றால் தாள்களிலிருந்து தொடங்குங்கள். நிக்காஹ் தஃப்தர் நகல் கையில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கல்யாணம் நடந்த பள்ளிவாசலில் எழுதிக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லா மதத் திருமணங்களையும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிந்திருந்தால் அந்தச் சான்று இன்னும் வலு. நகைக்கடை ரசீது, சீர்ப்பட்டியல், கல்யாணப் புகைப்படம், அடிபட்டபோது மருத்துவமனையில் கொடுத்த சீட்டு, ஃபோனில் வந்த மிரட்டல் எல்லாவற்றையும் நகலெடுத்து, உங்கள் வீட்டில் அல்லாமல் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், யார் கேட்டாலும் சரி.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அது எல்லா மதப் பெண்களுக்கும் பொது. அதன்படி நீங்கள் வாழ்ந்த வீட்டிலிருந்து உங்களைத் துரத்த முடியாது. கணவன் நான்கு வருடமாகக் காணாமல் போயிருந்தாலோ, இரண்டு வருடமாகச் செலவுக்குக் கொடுக்காமல் இருந்தாலோ, கொடுமைப்படுத்தினாலோ 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டப்படி நீதிமன்றத்தில் நீங்களே விவாகரத்துக் கேட்கலாம், அவர் சம்மதம் வேண்டியதில்லை. வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று தயங்காதீர்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் குழு அலுவலகம் எங்கே என்று கேளுங்கள், காட்டுவார்கள்.

உங்கள் வழக்கை ஊரில் பேசப்போகிறார்கள் என்று தெரிந்தால், நானும் அங்கே இருப்பேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். அந்தக் கடிதத்துக்கும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.